மரவேலையும் சமையலும் பையன் கேட்கிறான் என்றால்

தம்பி, பெருந்துறையிலிருந்து நீங்கள் கேட்டது இது: ஜனவரியில் குடும்பத்தோடு சிட்னி வருகிறீர்கள், வயசுப்படி பையனுக்கு ஒன்பதாம் வகுப்பு. பள்ளி அனுப்பிய விருப்பப் பாடப் பட்டியலில் அவன் மரவேலையையும் ஃபுட் டெக்னாலஜி என்கிற சமையல் பாடத்தையும் டிக் அடித்துவிட்டான். "கரண்டி புடிக்கறதுக்கா கடல் தாண்டிப் போறீங்க?" என்று அப்பாரு கோபமாக இருக்கிறார்.

அவன் கேட்டதையே எடுக்கட்டும். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஏழு, எட்டாம் வகுப்புகளில் டெக்னாலஜி எல்லோருக்கும் கட்டாயம், மொத்தம் 200 மணி நேரம். பையனும் சமைப்பான், பெண்ணும் ரம்பம் பிடிப்பாள். உங்கள் பையன் அதற்கப்புறம்தான் வந்து சேர்கிறான், அதனால் முதலில் கொஞ்சம் தடுமாறுவான். ஒரு டெர்மில் சரியாகிவிடும்.

பட்டறையில் எடுத்த எடுப்பில் மெஷினைத் தொட விடமாட்டார்கள். பாதுகாப்பு டெஸ்ட் எழுதிப் பாஸானால்தான் கை வைக்கலாம். பாதுகாப்புக் கண்ணாடி, ஏப்ரன், மூடிய தோல் ஷூ மூன்றும் வேண்டும். கேன்வாஸ் ஷூவோடு போனால் அன்றைக்கு ஓரமாக உட்கார்ந்து எழுத வேண்டியதுதான்.

சமையல் வகுப்பும் விளையாட்டில்லை. வெங்காயத்தைப் பிடிக்கும் கையில் விரல் நுனிகளை உள்ளே மடக்கி, கத்தி விரல் கணுவை ஒட்டியே இறங்கும்படி நறுக்கக் கற்றுக்கொடுப்பார்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே சாப்பாடு கிடந்தால் கிருமி பெருகும் என்பதைப் பரீட்சையிலும் கேட்பார்கள். பாத்திரம் கழுவி, மேடையைத் துடைத்தால்தான் வகுப்பு முடியும். என் பிள்ளைகள் இதைப் படித்த பிறகு, ராத்திரிச் சோறு மேடையிலேயே இருந்தால் திட்டு எனக்குத்தான்.

நம் ஆட்கள் சறுக்குவது ஃபோலியோவில், அதாவது செய்த வேலையைப் பற்றி எழுதிக் கொடுக்கும் பதிவேட்டில். ஏன் இந்த மரம், எவ்வளவு செலவு, எங்கே பிசகியது, அடுத்த முறை எப்படிச் செய்வேன் என்று படம் போட்டு எழுத வேண்டும். ஊரில் ரெக்கார்டு நோட்டை சீனியரிடம் வாங்கி அப்படியே எழுதுவோமே, அது இங்கே செல்லாது. "மூடி ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது, கீல் வைக்கும் இடத்தைச் சரியாகக் குறிக்கவில்லை" என்று எழுதும் பிள்ளைக்கு மார்க் உண்டு. ஃபோலியோவைத் தாங்களே டைப் அடித்துக் கொடுக்கும் அப்பாக்களும் இருக்கிறார்கள். வாத்தியார் பையனைக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்டால் முடிந்தது கதை.

அப்புறம் மேற்படிப்பு. பன்னிரண்டாம் வகுப்பில் மரவேலை மாதிரியான பட்டறை வேலைக்கான இண்டஸ்ட்ரியல் டெக்னாலஜி எடுத்தால், ஹெச்.எஸ்.சி. தேர்வு மதிப்பெண்ணில் 60 சதவீதம் அவன் கையால் செய்யும் மேஜர் ப்ராஜெக்டுக்கு. ஏடார் என்கிற பல்கலைக்கழகத் தரவரிசைக்கும் இந்தப் பாடங்களைச் சேர்க்கலாம், ஆனால் பாடத்துக்குப் பாடம் மார்க்கை ஏற்றி இறக்கிச் சமன் செய்யும் ஸ்கேலிங்கில் உயர்நிலைக் கணக்கு, பிசிக்ஸ் அளவுக்குத் தூக்கிவிடாது. இன்ஜினியரிங் ஆசை இருந்தால் கணக்கை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

அப்பாருவிடம் ஜி.டி. நாயுடுவைப் பற்றிப் பேசிப் பாருங்கள். மோட்டார் சைக்கிளைக் கழற்றி மாட்டித் தொழில் கற்றவர், 1945-ல் கோயமுத்தூரில் பாலிடெக்னிக் வரக் காரணமாக இருந்தவர். கோயமுத்தூர் பக்கத்துப் பெரியவர்களிடம் அந்தப் பெயர் எடுபடும்.

சமையல் வகுப்பில் மாட்டுக்கறி, பன்றிக்கறி வேண்டாம் என்றால் முதல் வாரமே ஆசிரியருக்கு எழுதிவிடுங்கள், மாற்றிக் கொடுப்பார்கள். இந்தப் பாடங்களுக்குப் பொருள் செலவு என்று தனியாகப் பணம் கேட்பார்கள். சிரமம் என்றால் பள்ளி அலுவலகத்தில் சொல்லலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கிளம்ப இன்னும் நாள் இருக்கிறது. கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் உங்கள் மச்சானிடம் சனிக்கிழமைகளில் பையனை விடுங்கள், வெர்னியர் அளவுகோல் பிடித்து அளக்கப் பழகட்டும். வீட்டில் ஒரு நாள் அரிசிம்பருப்புச் சாதம் அவனே வைக்கட்டும். தோல் ஷூ இங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம், அதற்காகப் பெட்டியில் எடையை வீணாக்காதீர்கள்.