ரயில் அருங்காட்சியகங்களும் கேமராவும்: கடிதம்

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறேன். பழைய ரயில் எஞ்சின்களைப் படமெடுப்பதில் பெரிய பித்து. இந்த ஆண்டு இரண்டு மூன்று ரயில் அருங்காட்சியகங்களுக்காவது போக வேண்டும். எங்கே எத்தனை எஞ்சின் இருக்கிறது என்று பட்டியல் போட ஆரம்பித்தேன், அது நீண்டுகொண்டே போகிறது. கடைசியாகப் போன இடத்தில் எஞ்சின்கள் ஏராளம், ஆனால் படங்கள் எல்லாம் இருட்டும் நெரிசலுமாக வந்தன. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்தப் பட்டியலை ஓரமாக வையுங்கள். படமெடுக்கப் போகிறவர் பார்க்க வேண்டியது இரண்டே விஷயம்: வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, எஞ்சினை விட்டு எவ்வளவு தள்ளி நிற்க முடிகிறது. எவ்வளவு புகழ்பெற்ற எஞ்சினாக இருந்தாலும் சரி, ஆறடி தள்ளி நிற்க இடமில்லை என்றால் மூக்கு மட்டும் பெருத்த ஒரு வைட் ஆங்கிள் படம்தான் கிடைக்கும்.

உங்கள் ஊரிலிருந்து முதலில் போக வேண்டிய இடம் பென்சில்வேனியாவின் ஸ்ட்ராஸ்பர்க். சாலைக்கு ஒரு பக்கம் மாநில அரசின் ரயில் அருங்காட்சியகம். எதிர்ப்பக்கம் 1832-இல் உரிமம் பெற்று, இன்றும் நீராவி எஞ்சின்கள் ஓடும் ஸ்ட்ராஸ்பர்க் ரயில் பாதை. நிற்பதையும் ஓடுவதையும் ஒரே நாளில் எடுத்துவிடலாம்.

அருங்காட்சியகத்தில் ஜிஜி1 வகை மின்சார எஞ்சின்கள் இரண்டு உண்டு, 4800, 4935 என்று. 4800தான் 1934-இல் வந்த முன்மாதிரி. தகடுகளை ரிவெட் ஆணி அடித்து இணைத்திருப்பார்கள். வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவி வந்து, ஆணி வேண்டாம், பற்றவைத்துவிடுங்கள் என்றார். அடுத்து வந்தவை எல்லாம் வழவழப்பாக வந்தன. 4800-இன் பக்கவாட்டில் ஒளி சாய்வாக விழும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். ஒவ்வொரு ஆணித்தலையும் தன் சிறு நிழலோடு புடைத்துத் தெரியும். அப்புறம் 4935-க்குப் போய் அதே கோணத்தில் ஒன்று எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு விளக்கமே வேண்டாம். நூறு எஞ்சினை ஆளுக்கொன்றாக இல்லாமல் எஞ்சினுக்கொரு படம் எடுப்பதைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஓடும் ரயிலுக்குக் காலையோ மாலையோ நல்லது. உச்சி வெயிலில் கொதிகலன் பளபளக்கும், ஆனால் சக்கரங்களும் அவற்றைக் கோக்கும் தண்டுகளும் நிழலில் கறுத்துப்போகும். நீராவி எஞ்சினின் அழகே அங்கேதானே இருக்கிறது! தண்டு கீழே இறங்கியிருக்கும் நொடியில் எடுத்தால் சக்கரங்கள் முழுதாகத் தெரியும். கறுப்பு எஞ்சின் சட்டத்தை நிறைத்தால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். ஏழு கிலோமீட்டர் பாதையின் முடிவில் எஞ்சினைத் திருப்புவதில்லை, கழற்றி மறுமுனையில் மாட்டுகிறார்கள். அதனால் ஒரு திசையில் அது பின்னோக்கித்தான் ஓடும். முதல் நடையைச் சும்மா பார்த்துவிட்டு இடம் தேடுங்கள். சுற்றிலும் ஆமிஷ் மக்களின் வயல்கள்; நவீன வசதிகளைத் தவிர்த்து வாழும் கிறிஸ்தவப் பிரிவினர். அவர்கள் முகத்தைப் படமெடுப்பதை விரும்ப மாட்டார்கள், அதை மதியுங்கள்.

மழை நாளாக இருந்தால் பால்டிமோர். அங்குள்ள பி அண்ட் ஓ (பால்டிமோர் அண்ட் ஓஹையோ) ரயில் அருங்காட்சியகத்தின் 1884-ஆம் ஆண்டு வட்டக் கொட்டகைக்கு 22 பக்கங்கள். உயரத்திலிருக்கும் சன்னல்கள் வழியே மென்மையான ஒளி இறங்கும். 2003 பிப்ரவரியில் பனியின் பாரம் தாங்காமல் கூரையில் பாதி இடிந்து விழுந்தது. மறு ஆண்டே சீராக்கித் திறந்துவிட்டார்கள். 1856-இல் செய்த 'வில்லியம் மேசன்' நீராவி எஞ்சின் அங்கேதான் இருக்கிறது. முழு எஞ்சினையும் சட்டத்துக்குள் அடக்கப் பார்க்காமல் விளக்கு, மணி, சக்கர ஆரங்கள் என்று எடுங்கள். ட்ரைபாட் வைக்கலாமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

பென்சில்வேனியாவிலேயே ஸ்க்ராண்டன் நகரின் ஸ்டீம்டவுன் ரயில் அருங்காட்சியகத்தில் 'பிக் பாய்' 4012 என்ற ராட்சத நீராவி எஞ்சின் வெளியில் நிற்கிறது. 1941-இல் ஆல்கோ என்ற அமெரிக்க எஞ்சின் நிறுவனம் செய்தது, கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரோடு சேர்த்து 40 மீட்டர் நீளம். நம் ஊரில் 'ஆல்கோ' என்றே எல்லோரும் சொல்லும் டபிள்யூடிஎம்-2 டீசல் எஞ்சினை வடிவமைத்ததும் அதே நிறுவனம்தான். தள்ளி நின்று நீண்ட லென்ஸில் எடுங்கள்.

கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ அருமையான அருங்காட்சியகம். சதர்ன் பசிபிக் ரயில் நிறுவனத்தின், ஓட்டுநர் அறை முன்னால் இருக்கும் நீராவி எஞ்சின்களில் எஞ்சிய ஒரே ஒன்று, 4294, அங்கே இருக்கிறது. ஆனால் உள்ளே வெளிச்சம் குறைவு. பார்ப்பதற்காகப் போங்கள், படத்துக்காக அவ்வளவு தூரம் வேண்டாம்.

அந்தப் பயணச் செலவை நெவாடாவின் ஈலிக்கு வைத்துக்கொள்ளலாம். நெவாடா நார்தர்ன் பாதையில் பிப்ரவரியில் படமெடுப்பவர்களுக்கென்றே ரயில் ஓட்டுகிறார்கள். கோடையில் புகைபோக்கியை விட்டு வந்ததும் காணாமல் போகும் நீராவி, அந்தக் குளிரில் வெள்ளைவெளேரென்று திரண்டு நிற்கும். இடங்கள் குறைவு, முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். கேமரா பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும், இன்னொன்றைச் சட்டைப்பைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள்.