நான்காம் நாளே வேலைக்கு வந்தீர்களே, வீட்டில் யார் இருந்தார்கள்?

கேள்வி: எனக்குக் கீழே பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். கொஞ்ச காலமாக யாரும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறார்கள், ஒருவருக்கு வேலை தேங்கினால் அடுத்தவர் கை கொடுப்பதில்லை. நன்றி சொல்ல ஒரு பலகை மாட்டினேன். மாதம் ஒருவரை ‘அன்பான சக ஊழியர்’ என்று தேர்ந்தெடுத்துப் பரிசு கொடுத்தேன். எதுவும் மாறவில்லை. இத்தனைக்கும் விடுப்பு எடுப்பது எங்கள் பிரிவில்தான் குறைவு. போன மாதம் ஒருவர், அம்மாவுக்குப் பக்கவாதம் என்று இரண்டு வாரம் விடுப்பு கேட்டார். என் அப்பா இறந்தபோது அம்மாவைத் தங்கையிடம் விட்டுவிட்டு நான்காம் நாளே வேலைக்கு வந்தேன் என்று சொல்லி அவருக்குத் தைரியம் கொடுத்தேன். அவரும் ஐந்தே நாளில் வந்துவிட்டார். இவ்வளவு அக்கறையாக இருந்தும் இவர்களுக்குள் கனிவை வரவழைக்க முடியவில்லையே, என்ன செய்வது? (கடிதம் சுருக்கப்பட்டிருக்கிறது.)

பதில்: அலுவலகத்தில் அன்பில்லை என்று எனக்கு எழுதுபவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. அடி வாங்கியவர்கள், அடித்தது தெரியாதவர்கள். நீங்கள் இரண்டாவது வகை. உங்கள் எண்ணம் நல்லது, காலம் எல்லாவற்றையும் சரிசெய்யும் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை, அதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

உங்கள் முழுக் கடிதத்தில் அந்தப் பலகைக்கு மட்டும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அது என்ன நிறம், எங்கே மாட்டினீர்கள் என்பது வரை இருக்கிறது. அப்பா இறந்தது ஒரே வரியில் போகிறது. அந்த ஒரு வரியில்தான் உங்கள் அலுவலகத்தின் மொத்தக் கதையும் இருக்கிறது என்பேன்.

தைரியம் கொடுத்தேன் என்கிறீர்கள். யாருக்கு? பக்கவாதம் வந்தவரை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களைக் கேளுங்கள். கை ஒரு பக்கம் விழுந்திருக்கும், பேச்சு குழறும், விழுங்குவதே சிரமமாக இருக்கலாம் என்பதால் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கக்கூடப் பயமாக இருக்கும், படுக்கைப் புண் வராமல் இருக்க ராத்திரியிலும் எழுந்து புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அப்படி ஒரு அம்மாவை விட்டுவிட்டு ஒருவர் உங்கள் முன்னால் வந்து நிற்கிறார். அவர் கேட்டது இரண்டு வாரம். நீங்கள் கொடுத்தது ஒரு கதை. அந்தக் கதைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு உடனே புரிந்திருக்கும்: இறந்துபோன அப்பாவுக்கே மூன்று நாள்தான், உயிரோடு இருக்கிற அம்மாவுக்கு இரண்டு வாரமா?

தாயே, அதற்குப் பெயர் தைரியம் கொடுப்பது இல்லை.

அவருக்கு மட்டும் புரிந்ததோடு அது நின்றிருக்காது. மற்ற பதினொரு பேருக்கும் அன்று சாயங்காலத்துக்குள் விஷயம் போயிருக்கும். இனிமேல் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒருவர் தனக்கு வயிற்றுவலி என்று பொய் சொல்வார். பொய் சொல்ல வராதவர் பல்லைக் கடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, மனம் முழுக்க வீட்டில் இருக்க, பக்கத்தில் இருப்பவர் ஒரு சந்தேகம் கேட்டாலே வள்ளென்று விழுவார். எரிந்து விழுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நெருப்பு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தீர்களா?

விடுப்பு குறைவு என்ற பெருமையையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். 1990களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர், மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக ஒத்துப்போகும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். கணக்கைப் பார்த்தால் அங்கேதான் அதிகம். தோண்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்தக் குழுக்களில் தவறை வாய்விட்டுச் சொல்லப் பயம் இல்லை, மற்ற இடங்களில் மறைத்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் விடுப்புக் கணக்கும் அதே ரகம்தான் என்பது என் சந்தேகம். உங்கள் ஆட்களுக்கு மட்டும் நோயே வராத அம்மாவும் காய்ச்சலே வராத பிள்ளைகளுமா இருக்கிறார்கள்?

ஒரு சொல் இவ்வளவு செய்யுமா என்று கேட்பீர்கள். செய்யும். 2015இல் பீடியாட்ரிக்ஸ் என்ற மருத்துவ இதழில் இஸ்ரேலில் நடந்த ஒரு ஆய்வு வந்தது. பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வேலை செய்யும் 24 குழுக்களுக்கு ஓர் ஒத்திகை வைத்தார்கள், குறைமாதக் குழந்தை ஒன்றின் நிலைமை திடீரென்று மோசமாவதுபோல. வெளிநாட்டு நிபுணர் ஒருவர் சில குழுக்களிடம் மட்டும், அவர்கள் அன்று செய்த வேலைக்குச் சம்பந்தமே இல்லாமல் மட்டம்தட்டிப் பேசினார். அவ்வளவுதான். அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் கோட்டைவிட்டன, சிகிச்சையிலும் கோட்டைவிட்டன. ஏன் என்று பார்த்தால், ஒருவர் கவனித்ததை அடுத்தவரிடம் சொல்வது குறைந்திருந்தது, உதவி கேட்பது குறைந்திருந்தது. பயிற்சி பெற்ற கைகள் எதையும் மறந்துவிடவில்லை, வாய்தான் மூடிக்கொண்டது. ‘அடுத்தவர் கை கொடுப்பதில்லை’ என்று நீங்கள் எழுதியதைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். கை கொடு என்று கேட்க உங்கள் இடத்தில் யாருக்காவது வாய் வருமா?

பரிசு விவகாரத்துக்கு இரண்டு வரி போதும். 20 மாதக் குழந்தைகளை வைத்து 2008இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு: உதவி செய்ததற்குப் பொருள் பரிசாகக் கிடைத்த குழந்தைகள், பரிசு எதுவும் கிடைக்காத குழந்தைகளைவிட, பிறகு குறைவாகவே உதவி செய்தன. பன்னிரண்டு பெரியவர்களுக்கு மாதா மாதம் அன்புப் போட்டி நடத்தி ஒருவரை ஜெயிக்க வைத்து பதினொரு பேரைத் தோற்க வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உங்களுக்குப் பிடிக்காது.

‘அம்மாவைத் தங்கையிடம் விட்டுவிட்டு.’ மூன்று வார்த்தையில் தங்கையைக் கடந்துவிட்டீர்கள். அவருக்கும் அவர்தானே அப்பா? நீங்கள் நான்காம் நாள் காலையில் கிளம்பிப் போனபிறகு அழுகிற அம்மாவைத் தேற்றியது யார், துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் நடந்ததை முதலிலிருந்து திரும்பத் திரும்பச் சொன்னது யார், அப்பாவின் துணிமணியை எடுத்து வைத்தது யார், சான்றிதழுக்கும் கையெழுத்துக்கும் அலைந்தது யார்? உங்கள் பங்கையும் சேர்த்து ஒருத்தி சுமந்தாள், அதனால்தான் நீங்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார முடிந்தது. உங்கள் சாதனை என்று ஊழியரிடம் சொன்னீர்களே, அது பாதிக்கு மேல் இன்னொருத்தியின் உழைப்பு. நீங்கள் தேடிக்கொண்டிருக்கிற கனிவு அதுதான். உங்களுக்கு அது ஒருமுறை கிடைத்தது, கதை சொல்லும்போது அதை மட்டும் விட்டுவிட்டீர்கள். நன்றிப் பலகை மாட்டினீர்களே, அதில் முதல் பெயர் யாருடையதாக இருந்திருக்க வேண்டும்?

இன்னொன்றும் தோன்றுகிறது. நீங்கள் கல்நெஞ்சக்காரர் என்று நான் நினைக்கவில்லை. ஒரு நாள் கூடுதலாக எடுத்தாலும் ‘பொம்பளைன்னா இப்படித்தான்’ என்று பேச்சு வரும் என்று பயந்து வந்திருப்பீர்கள். அன்று உங்களைப் பார்த்து ஏன் வந்தாய், வீட்டுக்குப் போ என்று மேலே இருந்தவர் ஒருவர்கூடச் சொல்லவில்லை என்றால், அது உங்களுக்கு இழைத்த கொடுமை. அப்படிப் பார்த்தால் நீங்கள் முதல் வகையாகவும் இருந்திருக்கிறீர்கள். ஆனால் தழும்பை எடுத்துப் பதக்கமாகக் குத்திக்கொண்டு, அடுத்தவரிடம் நீட்டி, நீயும் இப்படி வா என்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

என் கட்சியை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மா படுத்துவிட்டால் பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டும். மகள் மட்டும் அல்ல, மகனும். கூலிக்கு ஆள் வைத்தால் போதும் என்பவர்களோடு எனக்கு நெடுநாள் சண்டை, இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். வேலையும் கடமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடமையில் உங்களுக்கு மாற்றாக இன்னொருவர் உட்கார முடியும். பிள்ளை என்ற இடத்தில் முடியாது.

என்ன செய்வது என்றுதானே கேட்டீர்கள். பலகையைக் கழற்றுங்கள், பரிசையும் நிறுத்துங்கள், சத்தமில்லாமல். அப்புறம் அந்த ஊழியரைக் கூப்பிட்டு உங்கள் கதையின் மறுபாதியைச் சொல்லுங்கள், தங்கை இருந்ததால்தான் வர முடிந்தது, வந்திருக்கக் கூடாது என்று. அறைக்குள் சொன்னால் போதாது. தைரியம் கொடுத்த கதை எத்தனை காதுக்குப் போனதோ அத்தனை காதுக்கும் இது போக வேண்டும்.

அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர் வேலையை மற்ற பதினொரு பேர் தலையில் கட்டிவிடாதீர்கள். பல இடங்களில் கனிவு செத்துப்போவது இங்கேதான். ஒருவர் விடுப்பு எடுத்தால் இன்னொருவர் ராத்திரி பத்து மணிவரை உட்கார வேண்டும் என்றிருந்தால், அடுத்த முறை அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று யாராவது சொன்னதும் மற்றவர்கள் முகம் சுருங்கத்தான் செய்யும், அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்த இரண்டு வாரத்தில் எந்த வேலை தள்ளிப்போகலாம், எதை அடியோடு விட்டுவிடலாம் என்று எடுத்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள். மேலே இருப்பவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். தலைமைக்குச் சம்பளம் கூடுதலாகக் கொடுப்பது அதற்குத்தான்.

இரக்கம் காட்டினால் ஏமாற்றுவார்களே என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள். பன்னிரண்டில் ஒருவர் ஏமாற்றலாம். அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டியுங்கள். அந்த ஒருவருக்காக மற்றவர்களின் அம்மாக்களுக்குத் தண்டனை கொடுக்காதீர்கள்.

இதையெல்லாம் நாளைக்குச் செய்யலாம். இன்று ராத்திரி தங்கைக்கு போன் செய்யுங்கள். அலுவலகக் கதை எதுவும் வேண்டாம், அந்த நாலாம் நாள் வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேசாதீர்கள்.

அந்த ஊழியருக்குப் பாக்கி ஒன்பது நாள் இருக்கிறது. அவர் இனிமேல் கேட்க மாட்டார், நீங்களாகக் கொடுங்கள்.