கிறிஸ்தவ விசுவாசத்தைப் பகுத்தறிவால் நிரூபிக்க முடியுமா? கேள்வி கேட்கும் கல்லூரி நண்பர்களுக்கு என்ன பதில் சொல்வது?

நான் சேலத்துக்காரன். 1944-ல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது எங்கள் ஊர் மாநாட்டில்தான். அதனால் இந்தக் கேள்விகள் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். கேட்பவர்கள் மேல் மரியாதையும் உண்டு.

கழகக் குடும்பத்து நண்பர் ஒருவர் அஸ்தம்பட்டி டீக்கடையில் கேட்டார்: "இயேசுன்னு ஒருத்தர் வாழ்ந்ததுக்கே ஆதாரம் இருக்கா?" இருக்கிறது. யூதேயாவின் ரோம ஆளுநர் பிலாத்துவின் காலத்தில் கிறிஸ்துவுக்கு மரண தண்டனை கொடுக்கப்பட்டதை ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறார். அவருக்குக் கிறிஸ்தவர்களைக் கண்டாலே ஆகாது. பரிந்து எழுத வேண்டிய அவசியமே இல்லை. பிலாத்துவின் பெயர் பொறித்த கல்லும் 1961-ல் இஸ்ரேலின் செசரியாவில் கிடைத்தது. நண்பர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சரி, இருந்தார். அதனால கடவுளாயிடுவாரா?"

நியாயமான கேள்வி. ஆதாரம் அந்த இடத்தோடு நின்றுவிடும். அவர் எனக்காக மரித்தார் என்று எந்தக் கல்லும் சொல்லாது. கடவுள் உண்டு என்பது வரை அறிவால் எட்டலாம், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்ற திரித்துவத்தை அப்படி எட்ட முடியாது என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் எழுதிவிட்டார். சொத்தையான காரணங்களைக் காட்டி நிரூபிக்கப் போனால் நம்பாதவர்கள் சிரிப்பார்கள் என்றும் எச்சரித்தார்.

அப்படியானால் வாதம் எதற்கு? எல்லாமே கட்டுக்கதை என்று நினைக்கிறவர் அடுத்த கேள்விக்கே வர மாட்டார். அந்தத் தடையை எடுத்துப்போட வாதம் வேண்டும். இயேசுவின் சீடர் பேதுருவும் விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்லத்தான் சொன்னார். மேடை போட்டு அடுத்தவரை மடக்கும் நம் பிள்ளைகள் அந்தச் சாந்தத்தை விட்டுவிடுவது எனக்கு உண்மையிலேயே வேதனை.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு குடும்பம் மகனைப் பறிகொடுத்தது. "ஆண்டவர் ஏன் விட்டார்?" என்று தாய் கதறியபோது, துக்கத்துக்கு வந்த ஒருவர் மனிதனின் சுயசித்தம் பற்றி விளக்க ஆரம்பித்தார். அந்தம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். பைபிளில் பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லப்போய்த்தான் கெட்டது. கடைசியில் தேவனின் கோபம் அவர்கள் மேல்தான் விழுந்தது.

உங்கள் நண்பர் எதற்காகக் கேட்கிறார் என்று முதலில் பாருங்கள். வரலாறு கேட்டால் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். வீட்டில் இழவு விழுந்ததால் கேட்கிறார் என்றால் அவர் வீட்டுக்குப் போய் ஆகவேண்டிய வேலையைப் பாருங்கள்.