கடைக்குப் போகும் தூரத்துக்கு எதற்கு ஆசனப்பட்டி?

கேள்வி: நாங்கள் உப்புவெளியில் வசிக்கிறோம். கணவர் கார் ஓட்டுவதில் கெட்டிக்காரர். இருபது வருடத்தில் ஒரு சிறு கீறல்கூட விழவில்லை. கொழும்புக்குப் போகும்போது ஆசனப்பட்டி போடுவார், ஊருக்குள் போடவே மாட்டார். எச்சரிக்கை ஒலி கேட்காமல் இருக்கப் பட்டியை முதுகுக்குப் பின்னால் விட்டுக் கொழுவிவிட்டு, அதன்மேல் சாய்ந்துகொள்வார். “கிண்ணியாப் பாலத்தில் இருந்து கார் தண்ணீருக்குள் விழுந்தால் பட்டிதான் என்னைக் கொல்லும்” என்கிறார். இரண்டு வயது மகள் முன் ஆசனத்தில் என் மடியில்தான் வருவாள். நான் வாய் திறந்தால் ‘பயந்தாங்கொள்ளி’ என்கிறார். எப்படிப் புரியவைப்பது?
— வாசகி, உப்புவெளி

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் கணவருக்கு ஆபத்து தெரியாது என்று நான் நினைக்கவில்லை. தெரிந்தபடியால்தான் கொழும்புப் பயணத்தில் பட்டி போடுகிறார். அந்த ஆபத்து எந்த வீதியில் இருக்கிறது என்பதில்தான் அவருடைய கணக்குப் பிழைக்கிறது. கொழும்புக்குப் போகும் வழியில், ஹபரணைக் காட்டுப் பாதையில் இரவில் யானை நிற்கலாம் என்ற எண்ணம் வந்ததும் கை தானாகப் பட்டியைத் தேடுகிறது. நிலாவெளி வீதியிலோ எந்த வளைவில் மாடு படுத்திருக்கும் என்பதுவரை அவருக்கு மனப்பாடம். பழகிய இடத்தைப் பார்த்துப் பயப்பட மனம் மறுக்கும். ஸ்டியரிங்கும் தன் கையில் இருந்துவிட்டால் பயம் இன்னும் குறையும். பக்கத்தில் வெறுங்கையோடு இருப்பவர் நீங்கள். ஒரே காரில் இருந்தும் இருவரும் இரண்டு விதமாக உணர்வது இதனால்தான். உங்கள் பயத்தில் பிழையே இல்லை.

‘நான் நன்றாக ஓட்டுவேன்’ என்ற நம்பிக்கை அவருக்கு மட்டும் உரியதல்ல. ஓலா ஸ்வென்சன் என்ற சுவீடன் ஆய்வாளர் 1981 இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கக் குழுவில் 88 சதவீதத்தினர் தங்களைப் பாதுகாப்பாக ஓட்டும் முதற் பாதிக்குள் வைத்துக்கொண்டார்கள். ஒரு குழுவில் பாதிப் பேர்தானே முதற் பாதியில் இருக்க முடியும்? அவர் கெட்டிக்காரராகவே இருக்கட்டும். எதிரே முந்திக்கொண்டு வருகிற வானை ஓட்டுவது அவரில்லையே.

இருபது வருடம் ஒன்றும் நடக்கவில்லை என்கிறாரே, இந்த இடத்தில்தான் நீங்கள் நிதானமாகப் பேசவேண்டும். பட்டி போடாமல் கடைக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பும் ஒவ்வொரு நாளும், ‘நான் செய்தது சரி’ என்று அவர் மனம் ஒரு பாடம் படிக்கிறது. அந்த ஒரு பயணத்தை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது உண்மைதான். பால் ஸ்லோவிக் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1978 இல் இதைத்தான் எடுத்துப் பார்த்தார்கள். அன்றைய அமெரிக்கக் கணக்குப்படி, ஒரு தடவை காரில் போனால் உயிர் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 35 இலட்சத்தில் ஒன்று. இதைக் கேட்டு யார் பயப்படுவார்கள்? ஆனால் மனிதர் வாழ்நாளில் 40,000 தடவை போகிறார் என்று வைத்துக் கூட்டினால், உயிரிழப்பு நூற்றில் ஒன்று, உடலை முடக்கும் காயம் மூன்றில் ஒன்று என்று வந்து நிற்கிறது. இந்த இரண்டாம் கணக்கைக் கேட்டவர்களே பட்டி போடக் கூடுதலாக முன்வந்தார்கள். உங்கள் வீட்டுக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். பாடசாலை, கடை, கோயில் என்று நாளுக்கு நான்கு தடவை என்றால் வருடத்துக்கு 1,460. இருபது வருடத்தில் 29,000 ஐத் தாண்டிவிடும்.

தண்ணீரில் விழுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விழும்போது தலை அடிபட்டு மயங்கினால் கதவைத் திறக்க ஆளில்லை. நினைவோடு இருப்பவருக்குக் கொக்கியை அழுத்தி விடுபட ஒரு நொடி போதும். அப்படிப்பட்ட விபத்து மிக அரிதாக நடப்பது. மோதல்தான் அன்றாடம் நடப்பது. முன் ஆசனத்தில் இருப்பவரின் மரண ஆபத்தைப் பட்டி ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இனி மகள். சகோதரி, இதில் மட்டும் உங்கள்மீதும் எனக்கு வருத்தம் உண்டு. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கில் நின்றால், 12 கிலோ குழந்தையைப் பிடித்துவைக்க 170 கிலோ பாரத்தைத் தாங்கும் பலம் வேண்டும். மூன்று அரிசி மூட்டையைவிட அதிகம். எந்தத் தாயின் கையாலும் முடியாது. முன்னால் காற்றுப்பை விரிந்தால் அதுவே பிள்ளையை நசுக்கிவிடும்.

சில வருடங்களுக்கு முன் கட்டுநாயக்கவில் உறவினரை ஏற்றிக்கொண்டு வானில் வந்தோம். கந்தளாய்க்கு முன்னால் சாரதி திடீரென்று பிரேக் போட்டார். பின்னால் தூங்கிக்கொண்டிருந்த என் மச்சாள் பறந்துவந்து சாரதியின் ஆசனத்தில் மோதினார். நெற்றியில் ஏழு தையல். பட்டி எங்கே என்று பிறகு தேடினேன். புது ஆசன உறைக்கு அடியில், பிளாஸ்டிக் தாளும் பிரிக்காமல் கிடந்தது.

ஆகவே, விபத்துப் படங்களைக் காட்டிப் பயமுறுத்தவேண்டாம். அது இரண்டு நாளில் ஆறிவிடும். பொலிஸ் தண்டம் என்றும் பேசவேண்டாம். முன் ஆசனத்தாருக்குப் பட்டி 2011 இல் சட்டமான பிறகும், ‘முன்னால் பொலிஸ் நிற்கிறது’ என்று எதிரே வருகிறவர் லைட் அடித்துக் காட்டினால்தானே பலர் போடுகிறார்கள்? தூரத்தையும் வீதியையும் பார்த்து ஒவ்வொரு தடவையும் முடிவெடுக்கிற பழக்கத்தைத்தான் விடவேண்டும். செருப்புப் போடுவதுபோல, சாவி திருப்புமுன் பட்டி. முதலில் நீங்கள் போடுங்கள், பேசாமல் காத்திருங்கள். மகளின் எடைக்கேற்ற சிறுவர் ஆசனம் ஒன்றை அவரையே தெரிவுசெய்து வாங்கச் சொல்லுங்கள். அதைப் பின் ஆசனத்தில் தன் கையால் இறுக்கிப் பூட்டுகிற தகப்பனுக்குத் தன் பட்டியை முதுகுக்குப் பின்னால் விடுவது கடினமாக இருக்கும். இன்றைக்கே பின் ஆசன உறையைத் தூக்கி, உள்ளே புதைந்திருக்கும் கொக்கிகளை வெளியே எடுத்து வையுங்கள்.