லாக் எடுத்தாச்சு... அப்புறம் ஏன் கால் போகலை?

பல வருடங்கள் ஒரு மொபைல் நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் உட்கார்ந்து பதில் சொன்னவள் நான். இந்த முறை வந்திருக்கும் கடிதங்கள் பெரும்பாலும் வெளிநாடும் சிம் கார்டும் பற்றியவை. முதல் கடிதத்துக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அதில் இருக்கும் விஷயம் பயணம் போகும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: மகளைப் பார்க்க ஆஸ்திரேலியா வந்திருக்கிறேன். என் போன் அன்லாக் ஆனதுதான். இங்கே வாங்கிய சிம்மைப் போட்டதும் இணையம் நன்றாக வந்தது. வீடியோ பார்க்கிறேன், வாட்ஸ்அப்பில் பேசுகிறேன். ஆனால் சாதாரண கால் போட்டால் போகவே இல்லை. இந்த போனுக்குச் சேவையை நிறுத்தப் போவதாக ஒரு குறுஞ்செய்தியும் வந்திருக்கிறது. போனில் பழுதா? ஏமாந்துவிட்டேனா?

பதில்: பழுதும் இல்லை, நீங்கள் ஏமாறவும் இல்லை அம்மா. விற்ற நிறுவனத்தின் சிம் மட்டும்தான் வேலை செய்யும்படி போடும் பூட்டுதான் லாக். அதை எடுத்த போன் எந்த நிறுவனத்தின் சிம்மையும் ஏற்றுக்கொள்ளும். அவ்வளவுதான் அதற்குப் பொருள். அந்த நிறுவனத்தின் டவரில் பேச முடியுமா என்பது வேறு கதை. போனை விற்கும்போது இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. வயதானவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதால் எனக்கு இதில் ரொம்பவே ஆதங்கம்.

4ஜி டேட்டாவுக்காகவே உருவான தொழில்நுட்பம். 2ஜி, 3ஜியில் குரலுக்கென்று ஒரு தனிப் பாதை இருந்தது. 4ஜியில் அது கிடையாது. அதனால் ஆரம்ப கால 4ஜி போன்கள், கால் வந்ததும் சட்டென்று 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிப் பேசும், பேசி முடித்ததும் மறுபடி மேலே ஏறிக்கொள்ளும். நமக்கு அது நடப்பதே தெரியாது. அப்புறம்தான் குரலையும் டேட்டா மாதிரியே 4ஜியில் அனுப்பும் வோல்ட்டீ வந்தது. சிக்கல் அங்கேதான். வோல்ட்டீ வேலை செய்ய, போனுக்குள் அந்தந்த நிறுவனத்துக்கான அமைப்புகள் ஏற்கெனவே பதிந்திருக்க வேண்டும். ஒரு நாட்டில் விற்பதற்காகத் தயாரான மாடலில் அந்த நாட்டு நிறுவனங்களுக்கானது மட்டும் இருப்பது சகஜம். இணையத்துக்கு இதெல்லாம் தேவையில்லை. அதனால்தான் வீடியோ ஓடுகிறது, கால் போவதில்லை.

கீழே 3ஜி இருந்தவரை இந்தக் குறை வெளியே தெரியவில்லை. இப்போது ஒவ்வொரு நாடாக 3ஜியை மூடிக்கொண்டு வருகிறது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022-லேயே மூடிவிட்டன. ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ் என்ற இரண்டு மொபைல் நிறுவனங்களும் 2024 அக்டோபர் 28-லிருந்து மூடின. அந்த நாட்டில் 2ஜி அதற்கும் முன்பே போய்விட்டது. ஆக, இறங்கிப் பேசுவதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.

குறுஞ்செய்தி எதற்கு என்றால், அங்கே அவசர உதவிக்கான எண் 000. அந்த எண்ணுக்குக் கூப்பிட முடியாத போனுக்கு நிறுவனங்கள் சேவை தரக்கூடாது என்று விதி இருக்கிறது. இணையம் எவ்வளவு நன்றாக வந்தாலும் சரி, அந்த போனை அவர்கள் நிறுத்தியாக வேண்டும். உங்களுக்குக் கோபம் வரும், நியாயம்தான். ஆனாலும் நான் அந்த விதியின் பக்கம்தான் நிற்பேன். மகள் வேலைக்குப் போன நேரத்தில் நெஞ்சுவலி வந்தால் வாட்ஸ்அப்பில் ஆம்புலன்ஸைக் கூப்பிட முடியாது.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க் பகுதிக்குப் போய் வோல்ட்டீ அல்லது 4ஜி காலிங் என்று ஒரு பொத்தான் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் போட்டுவிடுங்கள். புது சிம் உள்ளே இருக்கும்போதே மென்பொருள் அப்டேட்டையும் செய்து, போனை ஒரு தடவை அணைத்துப் போடுங்கள். சில போன்கள் அந்த சிம்மைப் பார்த்த பிறகுதான் அதற்குரிய அமைப்புகளை இறக்கிக்கொள்கின்றன. அப்படியும் ஆகவில்லையென்றால், உங்கள் மாடல் எண்ணைச் சொல்லி வேறு நிறுவனம் ஏற்கிறதா என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். எதுவுமே ஒத்துவரவில்லையா? அந்த ஊரிலேயே விற்கும் சாதாரண போன் ஒன்றை வாங்கி சிம்மை அதில் போடுங்கள். பழைய போன் வீட்டு வைஃபையில் இருக்கட்டும்.

இனிமேல் கிளம்பப் போகிறவர்களுக்கு ஒரு சின்ன சோதனை சொல்கிறேன். வைஃபையை அணைத்துவிட்டு யாருக்காவது ஒரு கால் போடுங்கள். காதில் வைக்காமல் திரையின் மேல் ஓரத்தைப் பாருங்கள். கால் ஓடிக்கொண்டிருக்கும்போதும் 4ஜி என்றோ அதன் இன்னொரு பெயரான எல்டிஇ என்றோ அப்படியே நின்றால் வோல்ட்டீ வேலை செய்கிறது. 3ஜி, ஹெச் (இதுவும் 3ஜிதான்), ஈ (இது 2ஜி) என்று மாறினாலோ, அந்த எழுத்தே காணாமல் போனாலோ, போன் கீழே இறங்கித்தான் பேசுகிறது. உள்ளூர் சிம்மிலேயே இறங்கிப் பேசும் போனை 3ஜி மூடிய நாட்டுக்கு நம்பி எடுத்துப் போகாதீர்கள். உள்ளூரில் தேறிய போன் அங்கேயும் தேறும் என்று சொல்லிவிட முடியாது. போகிற நாட்டில் எந்த நிறுவனத்தின் சிம்மை வாங்கப் போகிறீர்களோ, அந்த நிறுவனத்தின் தளத்தில் ஐஎம்இஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண்ணை, போட்டுப் பார்க்கும் வசதி பல இடங்களில் உண்டு. *#06# என்று அழுத்தினால் உங்கள் போனின் 15 இலக்க எண் திரையில் வரும். அதைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகன் தான் வைத்திருந்த போனை எனக்குக் கொடுத்து அனுப்பினான். என் சிம்மைப் போட்டால் ஏதோ அன்லாக் பின் கேட்கிறது. தெரிந்த ஒருவர் காசு கொடுத்தால் திறந்து தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் ஐயா. அந்த போனை எந்த நிறுவனத்திடம் மகன் வாங்கினாரோ, அவர்கள்தான் முறைப்படி திறந்து தர வேண்டும். போனுக்கான தவணை பாக்கி இல்லாமல் முடிந்திருக்க வேண்டும் என்பதுதான் முக்கிய நிபந்தனை. மகனின் கணக்கிலிருந்து அவரே விண்ணப்பிப்பது சுலபம். உங்கள் பக்கத்திலிருந்து ஐஎம்இஐ எண்ணை மட்டும் அனுப்பிவையுங்கள். ஐபோன் என்றால் பின் எதுவும் வராது, ஆப்பிளின் பதிவிலேயே மாற்றிவிடுவார்கள். மற்ற போன்களில் சிலவற்றுக்கு ஒரு எண் தருவார்கள், சிலவற்றில் போனிலிருந்தே திறக்கும். பின் கேட்கும் இடத்தில் எதையாவது அடித்துப் பார்க்க மட்டும் வேண்டாம். தவறான எண்ணைச் சில தடவைதான் அது பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் சரியான எண்ணைக் கொடுத்தாலும் ஏற்காது.

தெரிந்தவர் என்ன செய்வார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிம்மின் அளவிலேயே காகிதம் போல ஒரு மெல்லிய தகடு உண்டு. அதை சிம்மோடு சேர்த்து ட்ரேயில் வைத்தால், உள்ளே இருப்பது அமெரிக்க நிறுவனத்தின் சிம் என்று போன் நம்பிவிடும். கால் போகும், இணையம் வரும், காசும் கை மாறிவிடும். அடுத்த மென்பொருள் அப்டேட்டில் எல்லாம் நின்றுபோகும். இப்படிப்பட்ட போன்களை அன்லாக் ஆனது என்றே சொல்லி விற்கிறார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது ட்ரேயை வெளியே இழுத்து சிம்மைத் திருப்பிப் பாருங்கள், ஏதாவது ஒட்டியிருந்தால் வேண்டாம். ஐபோனில் இன்னொரு வழியும் இருக்கிறது. செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போனால் கேரியர் லாக் என்று ஒரு வரி இருக்கும். அதற்கு நேரே 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருந்தால்தான் முறையாகத் திறந்த போன்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று சில நாடுகள் சட்டம் போட்டுவிட்டன. கனடாவில் 2017 டிசம்பரிலிருந்தும், ஜப்பானில் 2021 அக்டோபரிலிருந்தும், பிரிட்டனில் 2021 டிசம்பரிலிருந்தும் போனைப் பூட்டி விற்கக்கூடாது. எல்லா நாட்டிலும் இது வர வேண்டும். முழுக் காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு இன்னொருவரிடம் சாவி இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

கேள்வி: ரோமிங் கட்டணத்துக்குப் பயந்து வெளிநாட்டில் என் சிம்மைக் கழற்றி வைத்துவிட்டேன். வங்கி ஓடிபி வராமல் திண்டாடிப்போனேன். அடுத்த தடவை என்ன செய்யலாம்?

பதில்: சிம்மைக் கழற்றாதீர்கள். இரண்டு சிம் போடும் போன் என்றால் சொந்த சிம் ஓடிபிக்கு, பயண சிம் இணையத்துக்கு என்று பிரித்துவிடுங்கள். கிளம்பும் முன்பே உங்கள் எண்ணுக்கு வெளிநாட்டு ரோமிங்கைத் திறக்கச் சொல்லிவிட வேண்டும், குறிப்பாக ப்ரீபெய்டு என்றால். இறங்கிய பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், அதற்கே ஒரு ஓடிபி கேட்பார்கள்.

போனில் மூன்று இடத்தைக் கவனியுங்கள். டேட்டாவுக்குப் பயண சிம்மைத் தேர்ந்தெடுங்கள். சொந்த சிம்மில் டேட்டா ரோமிங் அணைந்திருக்கட்டும். ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் இன்னொன்றின் டேட்டாவுக்குத் தானே தாவும் வசதி பல போன்களில் இருக்கிறது. அதையும் அணைத்துவிடுங்கள். எதிர்பாராத பில் பெரும்பாலும் அந்த மூன்றாவது இடத்திலிருந்துதான் வருகிறது, அதைப் பற்றி எழுதுபவர்கள்தான் குறைவு. ரோமிங்கில் குறுஞ்செய்தி வருவதற்குப் பொதுவாகக் காசு கிடையாது. கால் வந்து எடுத்தால் உண்டு. அதனால் தெரியாத எண் என்றால் எடுக்க வேண்டாம்.

பயண சிம்முக்கு இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றும் சிம்) வாங்குகிறவர்கள் வீட்டு வைஃபையிலேயே அதை ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். அந்த க்யூஆர் கோடு பெரும்பாலும் ஒரு தடவைதான் வேலை செய்யும். இணையம் வரவில்லை என்று பதறி, இ-சிம்மை அழித்துவிட்டு மறுபடி ஏற்றப் பார்ப்பார்கள், ஏறாது. உண்மையில் அங்கே தேவைப்பட்டது டேட்டா ரோமிங்கைப் போடுவது மட்டும்தான். இந்தப் பயண இ-சிம்களில் பல, மூன்றாவது ஒரு நாட்டு நிறுவனத்தின் சிம்கள். போகிற நாட்டில் அவையும் விருந்தாளிதான். ஆக, சொந்த சிம்மில் ரோமிங் அணைந்திருக்க வேண்டும், பயண சிம்மில் போட்டிருக்க வேண்டும். போட்டும் வரவில்லையென்றால், இ-சிம் விற்றவர்கள் அனுப்பிய ஏபிஎன் (போன் இணையத்தோடு இணையும் வாசல்) பெயரை ஓர் எழுத்தும் மாறாமல் கையால் உள்ளிடுங்கள்.

பயண இ-சிம்மில் சில வங்கிச் செயலிகள் திறக்காமல் முரண்டு பிடிப்பதற்கும் இதே காரணம் இருக்கலாம். உங்கள் டேட்டா அந்த மூன்றாவது நாட்டைச் சுற்றித்தான் வெளியே வருகிறது. நீங்கள் அங்கே இருப்பதாகச் செயலி நினைக்கிறது. தங்கும் இடத்து வைஃபைக்கு மாறிப் பாருங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் தெருவில் சிக்னல் பிரமாதமாக வருகிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் போய்விடுகிறது. பக்கத்தில் இருப்பவருக்கு அதே நிறுவனத்தில் நன்றாக வருகிறதே?

பதில்: உங்கள் போனில் அந்த நாட்டின் தாழ்ந்த அலைவரிசை இல்லாமல் இருக்கலாம். தாழ்ந்த அலைவரிசைதான் சுவரைத் தாண்டி உள்ளே வரும், தொலைதூரமும் போகும். ஒவ்வொரு அலைவரிசைத் தொகுப்புக்கும் பேண்ட் என்று ஓர் எண் உண்டு. ஐரோப்பாவில் 800 மெகாஹெர்ட்ஸின் பேண்ட் 20, ஆசிய பசிபிக் நாடுகள் பலவற்றில் 700-இன் பேண்ட் 28, அமெரிக்காவில் 600-இன் பேண்ட் 71 என்று இடத்துக்கு இடம் மாறும். போன் வாங்கும்போது மாடல் பெயரோடு மாடல் எண்ணையும் பாருங்கள், ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு வேறு வேறு பேண்டுகளோடு விற்கிறார்கள். இது வன்பொருள் விஷயம், எந்த செட்டிங்கிலும் சரியாகாது. வீட்டுக்குள் வைஃபை காலிங் கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: வேலைக்காகத் துருக்கி போகிறேன். என் போன் அங்கே சில மாதங்களில் நின்றுவிடும் என்கிறார்களே, அன்லாக் ஆன போனுக்கும் அப்படியா?

பதில்: ஆமாம் தம்பி. வெளியே வாங்கிய போனில் துருக்கி சிம்மைப் போட்டால் 120 நாட்கள்தான் ஓடும். அதற்குள் கட்டணம் கட்டி ஐஎம்இஐயைப் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் நெட்வொர்க் அந்த போனை ஏற்காது. கட்டணம் சாதாரணப்பட்டதல்ல, கணக்குப் போட்டுப் பாருங்கள். சில வாரங்களில் திரும்புகிறவர்கள் கவலைப்பட வேண்டாம். இந்தோனேசியாவிலும் ஐஎம்இஐ பதிவு இருக்கிறது. அங்கே நெடுநாள் தங்கப் போகிறவர்கள் விமான நிலையத்தில் சுங்கப் பிரிவிலேயே அதை முடித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: அமெரிக்காவில் வாங்கிய ஐபோனில் சிம் ட்ரேயே இல்லை. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: அங்கே விற்கும் ஐபோன்களில் 2022-இல் வந்த 14-ஆம் மாடலிலிருந்து ட்ரே கிடையாது, முழுக்க இ-சிம்தான். உங்கள் சொந்த எண்ணை நிறுவனம் இ-சிம்மாக மாற்றித் தருகிறதா என்று முதலில் கேளுங்கள். தருகிறார்கள் என்றால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இ-சிம் கிடைக்காத நாடுகளுக்கு அடிக்கடி போகிறவர் என்றால் ட்ரே உள்ள மாடல்தான் உங்களுக்குச் சரி.

கேள்வி: லாக் எடுத்த போனை ஃபேக்டரி ரீசெட் செய்தால் பழையபடி பூட்டிக்கொள்ளுமா?

பதில்: நிறுவனமே முறைப்படி எடுத்துக் கொடுத்தது என்றால் ரீசெட்டிலும் அப்டேட்டிலும் திரும்ப வராது. ஆனால் ரீசெட் செய்தால் இ-சிம்மையும் அழிக்கட்டுமா என்று போன் கேட்கும். வேண்டாம் என்று கொடுங்கள்.