இடுப்பளவும் ரத்த ரிப்போர்ட்டும்: சர்க்கரை உள்ளவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

நான் லேப்பில் உயிர்வேதியியல் பார்ப்பவள். ரிப்போர்ட்டில் உள்ள எண்கள் என்ன சொல்கின்றன என்பது வரைதான் என் எல்லை. மாத்திரையைக் கூட்டுவது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டரின் வேலை. சரி, கேள்விகளுக்குப் போகலாம்.

ஈரோடு: மேடம், வயது 46. சர்க்கரை வந்து ஆறு வருஷம். உயரம் 168 செ.மீ., எடை 64 கிலோ. ஆள் ஒல்லிதான், வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால் இருக்கும். குண்டானவர்களுக்குத்தானே ஹார்ட் பிரச்சினை வரும்?

இல்லை சார். உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்தை வைத்துப் பார்க்கும் எடைக் கணக்கு, 22.7. தராசு உங்களை நார்மல் என்றுதான் சொல்லும், ஆனால் கொழுப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது தராசுக்குத் தெரியாது. 2004-இல் லான்செட் இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது. புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த யுட்கின். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றேதான், 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம் ஊரில் உங்களைப் போன்ற உடல்வாகு நிறையவே உண்டு.

தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு பெரும்பாலும் சாது. குடலைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் சேர்வதுதான் தொல்லை. வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலங்கள் நேராகக் கல்லீரலுக்கு ஓடுகின்றன. கல்லீரல் அவற்றை டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு நிறைந்த துகள்களாகக் கட்டி ரத்தத்தில் விடுகிறது. அந்தத் துகள்கள் தங்கள் டிரைகிளிசரைடை, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல்லுக்கும் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல்லுக்கும் கொடுத்துவிட்டுக் கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்கின்றன. அப்படி மாறிய எச்டிஎல் சீக்கிரம் அழிந்துபோகும், எல்டிஎல் சிறுத்து அடர்த்தியாகும். சர்க்கரை உள்ளவர்கள் ரிப்போர்ட்டில் டிரைகிளிசரைடு ஏறியும் எச்டிஎல் இறங்கியும் ஒன்றாக வருவது இதனால்தான்.

இன்றே ஒரு டேப் எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் வைத்து, சாதாரணமாக மூச்சை விட்டபிறகு அளக்க வேண்டும். நம் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. பேண்ட் அளவைச் சொல்லாதீர்கள், பேண்ட்டை வயிற்றுக்குக் கீழே போடுகிறோம்.

திருநெல்வேலி: அப்பாவுக்கு சர்க்கரை இருக்கிறது. மொத்த கொலஸ்ட்ரால் 186, எச்டிஎல் 34, டிரைகிளிசரைடு 290, எல்டிஎல் 94. எல்டிஎல் நூறுக்குள் இருப்பதால் பயமில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். சரிதானா அக்கா?

சரியில்லை தம்பி. எனக்கு மிகவும் கவலை தரும் ரிப்போர்ட் இந்த மாதிரிதான், பார்க்கப் பச்சையாக இருக்கும்.

அந்த 94 பெரும்பாலும் கணக்குப் போட்டு வந்த எண். 1972-இல் வந்த ஃப்ரீட்வால்ட் சூத்திரப்படி, மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். 186-இலிருந்து 34-ம் 58-ம் போனால் 94. டிரைகிளிசரைடு ஏற ஏற இந்தக் கணக்கு தடுமாறும், 400-ஐத் தாண்டினால் செல்லாது.

இப்போது மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழியுங்கள். 152 வருகிறது. இதுதான் நான்-எச்டிஎல். ரத்தக்குழாய்க்குக் கெடுதல் செய்யும் எல்லாத் துகள்களின் கொலஸ்ட்ராலும் இதில் அடங்கிவிடும். எல்டிஎல் இலக்கோடு 30 கூட்டினால் இதற்கான இலக்கு கிடைக்கும். அப்பாவுக்கு எல்டிஎல் நூறுக்குள் போதும் என்றே வைத்துக்கொண்டாலும் இது 130-க்குள் இருக்க வேண்டும். சர்க்கரையோடு வேறு ஆபத்துகளும் இருந்தால் எல்டிஎல் இலக்கு 70, அதற்கும் கீழே.

முடிந்தால் அப்போபி பாருங்கள். கெட்ட துகள் ஒவ்வொன்றிலும் அப்போபி என்ற புரதம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதனால் அதை அளந்தாலே துகள்களை எண்ணிவிட்ட மாதிரி. ஒரே அளவு சரக்கைப் பத்து லாரியிலும் ஏற்றலாம், முப்பது ஆட்டோவிலும் ஏற்றலாம். எல்டிஎல் எண் சரக்கைச் சொல்லும், அப்போபி வண்டிகளைச் சொல்லும். குழாய்ச் சுவருக்குள் நுழைவது வண்டிதான்.

தஞ்சாவூர்: லிப்பிட் (கொலஸ்ட்ரால்) டெஸ்டுக்கு வெறும் வயிறு கட்டாயமா?

பெரும்பாலும் தேவையில்லை. டிரைகிளிசரைடு 400-க்கு மேல் வந்தால் மட்டும் வெறும் வயிற்றில் மறுபடி பாருங்கள்.

சென்னை: லைப்போசக்ஷனில் வயிற்றுக் கொழுப்பை எடுத்துவிட்டால் ரிப்போர்ட்டும் சரியாகுமா?

ஆகாது. 2004-இல் அமெரிக்காவில் உடல் பருத்த 15 பெண்களுக்கு அப்படி எடுத்துப் பார்த்தார்கள், அவர்களில் 7 பேருக்குச் சர்க்கரை இருந்தது. சுமார் 10 கிலோ கொழுப்பு போயும் இன்சுலின் வேலை செய்யும் திறனோ, உடலில் உள்ள அழற்சியைக் காட்டும் சிஆர்பியோ, லிப்பிடோ தேறவில்லை. எடுத்தது தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பு, உள்ளே இருந்தது அப்படியே இருந்தது. சாப்பாட்டைக் குறைத்து நடந்தால் உள்ளே இருப்பதும் கரையும்.

மதுரை: மொத்த கொலஸ்ட்ரால் 212. ஆபத்தா?

அந்த ஒரு எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. எச்டிஎல்லைக் கழித்துப் பாருங்கள்.

கடலூர்: ஃபுல் பாடி பேக்கேஜில் எச்எஸ்-சிஆர்பி 14 என்று வந்திருக்கிறது. ஹார்ட் அட்டாக் வரப்போகிறதா? போன வாரம்தான் காய்ச்சல் விட்டது.

பயப்படாதீர்கள். 10-க்கு மேல் வந்தால் காய்ச்சல், பல்வலி, புண் என்று வேறு காரணம் தேட வேண்டும். முழுக்கக் குணமாகிச் சில வாரம் கழித்துப் பாருங்கள். அப்போதும் 3-க்கு மேலேயே நின்றால் டாக்டரிடம் பேசுங்கள்.

விழுப்புரம்: என் கொலஸ்ட்ரால் 228. பரவாயில்லையா?

மேலே மதுரைக்காரருக்குச் சொன்னதேதான். மொத்தத்தை மட்டும் அனுப்பினால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. எச்டிஎல், டிரைகிளிசரைடு, இடுப்பளவு மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.

கோயம்புத்தூர்: எட்டு மாதமாக, மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் பேலியோ உணவில் இருக்கிறேன். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 8.9-இலிருந்து 6.1. இடுப்பு 102 செ.மீ.-இலிருந்து 91. டிரைகிளிசரைடு 310-இலிருந்து 88. எச்டிஎல் 36-இலிருந்து 52. ஆனால் எல்டிஎல் 128-இலிருந்து 214 ஆகிவிட்டது. டாக்டர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதினார். பேலியோ குரூப்பில், இது பெரிய சைஸ் எல்டிஎல், ஒன்றும் செய்யாது, டிரைகிளிசரைடு-எச்டிஎல் விகிதம் 2-க்குள் இருந்தால் போதும் என்கிறார்கள்.

முதலில் வாழ்த்துகள். சர்க்கரையும் இடுப்பும் இவ்வளவு இறங்கியது உங்கள் உழைப்பு, அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் 214-ஐ ஒதுக்கிவிட முடியாது. அந்த விகிதம் இன்சுலின் எதிர்ப்பு குறைந்ததைக் காட்டுகிறது, அவ்வளவுதான். எல்டிஎல்லுக்கு அது மன்னிப்புச் சீட்டு தராது. பெரிய துகளும் குழாய்ச் சுவருக்குள் நுழையும். பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் கூடிய குடும்பங்களில் எல்டிஎல் பெரும்பாலும் பெரிய சைஸ்தான், ஆனாலும் அவர்களுக்கு இளவயதிலேயே மாரடைப்பு வருகிறது. நம்பிக்கை வரவில்லை என்றால் அப்போபி பாருங்கள், சந்தேகம் தீரும்.

சேலம் (குறுக்கே): மேடம், மாரடைப்பு வந்து அட்மிட் ஆனவர்களில் பாதிப்பேருக்கு எல்டிஎல் நார்மல் என்று அமெரிக்க ஆய்வே சொல்கிறதே. அப்புறம் எல்டிஎல் எப்படிக் குற்றவாளி?

2009-இல் வந்த ஆய்வு அது, சுமார் 1 லட்சத்து 37 ஆயிரம் பேர். பாதிப்பேருக்கு எல்டிஎல் 100-க்குக் கீழ் என்பது உண்மை. அதே ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு எச்டிஎல் 40-க்குக் கீழ், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். திருநெல்வேலித் தம்பியின் அப்பா ரிப்போர்ட் மாதிரியேதான். மாரடைப்பு வந்ததும் எல்டிஎல் தானாகவே இறங்கும் என்பது வேறு. ஆக, எல்டிஎல் எண் சிலரிடம் ஆபத்தை மறைக்கும் என்றுதான் அந்த ஆய்விலிருந்து சொல்லலாம். 214 இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்ல அதில் எதுவும் இல்லை.

சேலம்: பிறவியிலேயே எல்டிஎல் குறைவானவர்கள் பிழைத்துவிடுகிறார்களா என்ன?

நல்ல கேள்வி, பதிலும் இருக்கிறது. பிசிஎஸ்கே9 என்ற மரபணு சரியாக வேலை செய்யாதவர்களுக்குப் பிறந்தது முதல் எல்டிஎல் குறைவு. 2006-இல் வந்த ஆய்வில், எல்டிஎல் 28 சதவீதம் குறைவாக இருந்த கறுப்பின அமெரிக்கர்களுக்கு இதயநோய் 88 சதவீதம் குறைவாக இருந்தது. அவர்கள் எந்த மாத்திரையும் சாப்பிட்டு அதைப் பெறவில்லை.

நாமக்கல்: அப்போ பேலியோவை விட்டுவிட்டு எல்லாரும் இட்லி தோசைக்கே திரும்பணுமா?

நான் அப்படிச் சொல்லவில்லை. மாவுச்சத்தைக் குறைத்தது நல்லதுதான். நெய், வெண்ணெய் டீ, தேங்காய் எண்ணெயில் உள்ள நிறைகொழுப்பு, ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை வாங்கும் கல்லீரலின் ஏற்பிகளைக் குறைத்துவிடுகிறது. அந்த இடத்தில் மீன், கடலை, பாதாம், கடலை எண்ணெய் என்று மாற்றி இரண்டு மாதம் கழித்து டெஸ்ட் எடுங்கள். கோயம்புத்தூர் சார், இதையும் உங்கள் டாக்டரிடம் சொல்லி, மாத்திரையை அவரிடமே முடிவு செய்யுங்கள். குரூப்பில் முடிவு செய்யாதீர்கள்.

வேலூர்: ஸ்டாட்டின் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும் என்கிறார்கள். நிறுத்திவிட்டேன்.

தானாக நிறுத்தியது தப்பு. கொஞ்சம் ஏறலாம், உண்மைதான். ஆனால் சர்க்கரை உள்ள 2,838 பேரிடம் நடந்து 2004-இல் வந்த கார்ட்ஸ் ஆய்வில், அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை 37 சதவீதம் குறைத்தது. நாளைக்கே டாக்டரைப் பாருங்கள்.

தூத்துக்குடி: மூட்டுவலிக்கு எந்த டெஸ்ட் எடுக்கலாம்?

இது என் இடமில்லை. எலும்பு மருத்துவரைக் கேளுங்கள்.

புதுச்சேரி: கொலஸ்ட்ரால் 205...

விழுப்புரத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திண்டுக்கல்: அப்பா 44 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். எனக்கு 38, சர்க்கரை ஆரம்பம். லிப்பிட் எல்லாம் நன்றாகவே இருக்கிறது. வேறு என்ன பார்க்கலாம் மேடம்?

இரண்டு டெஸ்ட், அம்மா. ஒன்று எல்பி(ஏ), எல்டிஎல் மாதிரியான ஒரு கொழுப்புத் துகள். இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது, சாப்பாட்டாலும் நடையாலும் அதிகம் மாறாது, அதனால் ஆயுளில் ஒருமுறை பார்த்தால் போதும். 50 மி.கி.க்கு மேல் இருந்தால் மற்ற எல்லா எண்களையும் இன்னும் கடுமையாகப் பிடிக்க வேண்டும், உங்கள் கூடப்பிறந்தவர்களும் பார்க்க வேண்டும். இன்னொன்று, சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று காட்டும் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம். 30-ஐத் தாண்டினால் அது கிட்னிக்கு மட்டுமான எச்சரிக்கை இல்லை, இதயத்துக்கும் சேர்த்துத்தான். ஒருமுறை கூடியிருந்தால் பயப்படாமல் மறுபடி எடுத்து உறுதி செய்யுங்கள். இடுப்பையும் அளந்து, மூன்று எண்களையும் டாக்டரிடம் கொண்டுபோங்கள். அப்பா போன வயதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.