லேடி என்றால் மரியாதை இல்லையா?

கேள்வி: உப்புவெளியில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். போன மாதம் எழுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரப் பெண் ஒருவர் கடலில் குளித்துவிட்டு ஈரக் காலோடு படியேறினார். வழுக்கிவிடுவாரோ என்ற பதற்றத்தில், "கெயார்ஃபுல், ஓல்ட் லேடி!" என்று கத்திவிட்டேன். அவர் முகம் கறுத்துப்போனது. அடுத்த வாரம் இன்னொருவருக்கு 'டியர் மிஸிஸ்' என்று தொடங்கி, அவருடைய முதற்பெயரைப் போட்டு ஈமெயில் அனுப்பினேன். தனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று பதில் வந்தது. 'வுமன்' மரியாதைக் குறைவான சொல் என்று நினைத்துத்தான் 'லேடி' என்கிறேன். எதுதான் சரி, ரீச்சர்?
– பெயர் வேண்டாம், திருகோணமலை

பதில்: தம்பி, நீங்கள் மனதுக்குள் சொன்னது "பார்த்து அம்மா, வழுக்கும்" என்பதுதான். அவர் காதில் விழுந்தது, "ஏய் கிழவி, கவனம்!"

நம்முடைய பழக்கத்தைப் பாருங்கள். மீன் சந்தைக்குள் கால் வைத்தவுடனேயே "அக்கா, பாரை நல்லது, கொண்டு போங்கோ" என்கிறார்கள். முன்பின் தெரியாதவரையும் அக்கா, அன்ரி, அம்மா என்று ஏதாவதொரு உறவில் சேர்த்த பிறகுதான் நமக்குப் பேச்சே வரும். ஆங்கிலம் பேசும்போதும் அந்த 'அம்மா'வுக்கு ஒரு சொல் தேடுகிறோம். அங்கே அப்படி ஒரு சொல் தேவையில்லை. "ப்ளீஸ் மைண்ட் த ஸ்டெப், இட்ஸ் வெட்" என்று மெதுவாகச் சொல்லியிருந்தால் போதும். கூப்பிடு சொல் எதுவும் இல்லாமலே அது முழு மரியாதை. நாம் 'அம்மா'விலும் 'ங்கோ'விலும் வைக்கிற பணிவை அவர்கள் ப்ளீஸிலும் எக்ஸ்கியூஸ் மீயிலும் குரலிலும் வைக்கிறார்கள்.

அங்கேயும் விதிவிலக்கு உண்டு. லண்டனில் ஒரு காய்கறிக்கடைப் பையன் என்னை 'லவ்' என்று கூப்பிட்டான். திகைத்துப் போனேன். சில ஊர்களில் அது நம்முடைய 'அக்கா' மாதிரித்தான் என்று மகள் சொல்லிச் சிரித்தாள். நீங்கள் அதை முயன்று பார்க்க வேண்டாம்.

'வுமன்' கெட்ட சொல்லே இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'வீஃப்' என்றால் பெண், 'மன்' என்றால் மனிதர். இரண்டும் சேர்ந்து வந்த சொல் அது. அந்த 'வீஃப்'தான் பிறகு வைஃப் ஆகி, மனைவி என்று சுருங்கியது. மருத்துவிச்சியை மிட்வைஃப் என்கிறோமே, அதற்குப் பொருள் 'பெண்ணோடு கூட இருப்பவர்'. யாருடைய மனைவியும் அல்ல. லேடியின் வேரோ மாப் பிசைவதில் இருக்கிறது. பாணைக் குறிக்கும் லோஃப் என்ற சொல்லின் பழைய வடிவத்தில் பிறந்தது அது. பாண் மாப் பிசைபவள் என்று பொருள். லோர்ட் என்பவர் அந்தப் பாணுக்குக் காவல். அடுப்படியில் கிடந்த சொல் பிறகு மாளிகைக்குப் போய்விட்டது.

இரண்டுமே ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது ஒரு மாதிரி, அவரையே கூப்பிடும்போது வேறு மாதிரி. "எ வுமன் கோல்ட் ஃபோர் யூ" என்று உங்கள் முதலாளியிடம் சொன்னால் ஒரு பிழையுமில்லை. முகத்துக்கு நேரே "வுமன்!" என்றால் அது அதட்டல். வரிசையில் நிற்பவரைக் காட்டி "திஸ் லேடி வோஸ் பிஃபோர் மீ" என்பது பண்பு, அவரையே "லேடி!" என்று கூப்பிட்டால் சண்டைக்கு இழுப்பது போலிருக்கும். ஆனால் நாலு பேர் சேர்ந்து வந்தால் "குட் மோர்னிங், லேடீஸ்" அழகாகப் பொருந்தும். ஏன் இப்படி என்று கேட்டால், நாற்பது வயதுப் பெண்ணை நாம் ஏன் 'ஒஃபிஸ் கேர்ள்' என்கிறோம் என்று நான் திருப்பிக் கேட்பேன். 'லேடி டொக்டரும்' அப்படித்தான். டொக்டர் என்றால் போதாதா?

'ஃபீமேல்' படிவத்துக்குரிய சொல். பாஸ்போட்டில் இருக்கட்டும், உங்கள் ஊர்ப் பிரட்றிக் கோட்டைக்குள் மேய்கிற மான்களைக் காட்டும்போதும் சொல்லலாம். "டூ ஃபீமேல்ஸ் ஆர் வெயிட்டிங்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இனி உங்கள் ஈமெயில். மிஸ், மிஸிஸ் இரண்டும் மிஸ்ட்ரெஸ் என்ற ஒரே சொல்லின் சுருக்கங்கள். ஒரு காலத்தில் பெரிய வீடுகளின் சமையற்காரிக்குக் கல்யாணமாகாவிட்டாலும் மிஸிஸ் பட்டம் கிடைத்தது. தாய்ச்சொல் பாவம், இன்று 'சின்ன வீடு' என்ற பொருளுக்கு இறங்கிவிட்டது. ஆணுக்குக் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் மிஸ்டர்தான். பெண் மட்டும் ஏன் அறிவிக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடையாக வந்தது எம், எஸ் என்ற இரண்டு எழுத்துப் பட்டம். 1901இலேயே அமெரிக்காவின் மசசூசெற்ஸ் பத்திரிகையொன்று இதை முன்மொழிந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. 1970களில் பெண்கள் இயக்கம் கையிலெடுத்த பிறகுதான் பரவியது. நியூயோர்க் டைம்ஸ் ஏற்றுக்கொள்ள 1986 ஆனது. உச்சரிப்பில் கடைசி ஒலி தேனீ ரீங்காரம் போல அதிரும். தமிழில் எழுதினால் இதுவும் 'மிஸ்', அதுவும் 'மிஸ்'. நம் எழுத்துக்கு அந்த வண்டு பிடிபடாது.

கடிதத்தில் எம்எஸ் போட்டுக் குடும்பப் பெயரை எழுதுங்கள். முதற்பெயருக்கு முன்னால் மிஸிஸ் போடுவது கல்யாணமானவருக்கும் பொருந்தாது. எது குடும்பப் பெயர் என்று குழம்பினால், தகப்பன் பெயரை முதலெழுத்தாக வைத்திருக்கும் நமக்கு அது சகஜம், டியர் போட்டு முழுப்பெயரையும் எழுதிவிடுங்கள். பெயரே தெரியாவிட்டால் 'டியர் மேடம்'. மேசையில் நின்று பேசும்போதும் 'மேடம்' சரி. அமெரிக்காவின் தென்பகுதியார் 'மேம்' என்றால் மகிழ்வார்கள்; பிரித்தானியர் சிலருக்கோ அது மகாராணியைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

அந்த எழுபது வயதுக்காரர் திரும்பி வந்தால் பழையதைக் கிளறாமல், "நைஸ் டு சீ யூ அகெய்ன்" என்று சிரியுங்கள். முதலாளியிடம் சொல்லி அந்தப் படிக்கு ஒரு றப்பர் கால்மிதியும் வாங்கிப் போடுங்கள்.